தபாலில் வந்த முட்டைகளை அடைவைத்தல்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

தபாலிலோ கூரியரிலோ வரவழைத்து அடைவைக்கும் முட்டைகளில் பாதி பொரித்தாலே அது நல்ல பலன் என்பது இதில் பழகியவர்களின் பொதுவான கணக்கு. அதே கோழிகளின் முட்டைகளை இட்ட இடத்திலேயே அடைவைத்தால் நூற்றுக்கு எண்பது பொரிப்பது அரிதன்று. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இன்குபேட்டரில் இல்லை. வரும் வழியில் முட்டையின் உள்ளமைப்புக்கு நேர்ந்த குலைவில்தான் இருக்கிறது. அந்தக் குலைவு முட்டையின் எந்தப் பகுதியில் கண்ணுக்குத் தெரியும், அதைக் கண்டபின் எதைச் செய்யலாம், எதைச் செய்யாமல் விடவேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால், மற்ற எல்லா விதிகளும் அதிலிருந்தே விளங்கிவிடும்.

முட்டைக்குள் குலைவது எது?

கருவுற்ற முட்டை இடப்படும்போதே அதற்குள் உயிர் தொடங்கிவிட்டது. கோழியின் உடலுக்குள் முட்டை உருவாகும் ஏறத்தாழ ஒரு நாள் பொழுதில், கரு பிரிந்து பிரிந்து பல்லாயிரம் செல்கள் கொண்ட ஒரு சிறு வட்டாகி, மஞ்சள் கருவின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள வெண்புள்ளியாக அமர்ந்திருக்கும். முட்டை வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி நின்றுவிடும். கரு இறந்துவிடுவதில்லை, மறுபடியும் சூடு கிடைக்கும்வரை அப்படியே இருக்கும். முட்டையைத் தொலைதூரம் அனுப்ப முடிவதே இந்த நிறுத்தத்தால்தான். 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் நிறுத்தம் உறுதியாக இருக்கும். 21 டிகிரியைத் தாண்டி வெப்பம் ஏற ஏறக் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். அப்படித் தொடங்கித் தடைபட்டு, மறுபடி தொடங்கும் கரு பலவீனப்பட்டு முதல் சில நாட்களிலேயே மடிந்துவிடக்கூடும். மூடிய வண்டியில் வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் நிகழ்வது இதுதான்.

வெப்பத்தைவிடப் பரவலான தொல்லை குலுக்கல். மஞ்சள் கரு முட்டைக்குள் சும்மா மிதப்பதில்லை. அதன் இருபுறமும் முறுக்கிய நூல் போன்ற இரண்டு வெண்ணிற இழைகள் அதை நடுவில் நிறுத்திவைத்திருக்கின்றன. ஓட்டின் உட்புறத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இடப்பட்ட முட்டை குளிரும்போது உள்ளிருப்பவை சுருங்குவதால், அகன்ற முனையில் மட்டும் இந்தச் சவ்வுகள் பிரிந்து, இடையில் காற்று புகுந்து ஒரு சிறிய அறை உண்டாகும். அதுதான் காற்றறை. பொரிப்பதற்கு முன் குஞ்சு தன் முதல் மூச்சை இழுக்கப்போவது இந்த அறையிலிருந்துதான் என்பதால், அது இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது வெறும் அழகுக்கான விஷயமன்று.

பயணத்தில் இடைவிடாது அதிரும் முட்டையில் இழைகள் தளரலாம். மஞ்சள் கருவைச் சுற்றிய மெல்லிய உறை நைந்துபோகலாம். காற்றறையின் உட்சவ்வு விலகியோ கிழிந்தோ போகலாம். இவற்றில் முதல் இரண்டையும் வெளியிலிருந்து திட்டமாக அறிய வழியில்லை. மூன்றாவதை ஒரு டார்ச் விளக்கு காட்டிவிடும். ஆகவே தபாலில் வந்த முட்டையின் நிலையை நமக்குச் சொல்லும் ஒரே நேரடிச் சாட்சி காற்றறைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்து சேர்ந்ததும்

குளிர்ந்த பெட்டியை வெதுவெதுப்பான அறையில் உடனே பிரித்து முட்டைகளை வெளியே எடுத்தால் ஓட்டின் மேல் ஈரம் வியர்க்கும். ஓட்டில் பல்லாயிரம் நுண்துளைகள் உள்ளன. மேலே படிந்த ஈரத்தோடு நுண்ணுயிர்களும் அவற்றின் வழியே உள்ளே போய்விடும். எனவே முட்டைகள் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை அவற்றைப் பொதிந்து வந்த நிலையிலேயே விட்டுவைப்பது நல்லது. கழுவுவதும் இதே காரணத்தால்தான் கூடாது. முட்டை இடப்படும்போது ஓட்டின்மேல் ஒரு மெல்லிய இயற்கைப் பூச்சு படிந்து துளைகளை ஓரளவு அடைத்திருக்கிறது. கழுவினால் அது போய்விடும். காய்ந்த அழுக்கை மென்மையாகத் துடைத்தெடுக்கலாம். மிகவும் அசுத்தமான முட்டையை விட்டுவிடுவதே மேல், ஏனெனில் சூடான இன்குபேட்டருக்குள் ஒன்று அழுகி வெடித்தால் மற்றவையும் கெடும்.

பிறகு ஒவ்வொரு முட்டையையும் இருட்டில் டார்ச் ஒளியில் பார்க்கவேண்டும். ஒளியை அகன்ற முனையில் வைத்துப் பிடித்தால் காற்றறையின் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். நல்ல முட்டையில் அந்தக் கோடு வட்டமாக, அசையாமல் இருக்கும். சற்றே பாதிக்கப்பட்ட முட்டையில் கோடு ஒருபக்கமாகச் சரிந்து, பக்கவாட்டில் கீழிறங்கி, குதிரைச் சேணத்தின் வடிவில் வளைந்திருக்கும். மோசமாகக் குலைந்த முட்டையில் கோடே நிலையாக இராது. முட்டையைச் சாய்க்கும் பக்கமெல்லாம், கொத்தனாரின் ரசமட்டத்தில் ஓடும் குமிழியைப்போல, காற்றும் நகரும். கண்ட விளிம்பை ஓட்டின்மேல் பென்சிலால் வரைந்து வைத்தால் பின்னர் மாற்றத்தை ஒப்பிடலாம். மை வேண்டாம்.

காற்று நகர்கிறது என்பதற்காக முட்டையைத் தூக்கி எறியத் தேவையில்லை. சேண வடிவில் சரிந்தவற்றில் கணிசமானவை பொரிக்கும். முழுதும் விடுபட்டவற்றிலும் சில நிலைபெற்றுவிடும். அந்த வாய்ப்பைத் தருவது ஓய்வு. எல்லா முட்டைகளையும் கூரிய முனை கீழே இருக்குமாறு அட்டையில் நிமிர்த்தி வைத்து, சூடோ அதிகக் குளிரோ இல்லாத அறையில், 12 முதல் 24 மணி நேரம் வரை தொடாமல் விடவேண்டும். அந்நேரத்தில் உள்ளே அலைந்த திரவங்கள் அடங்கும். விடுபட்ட காற்று இயல்பாகவே மேல்முனைக்கு ஏறி நிற்கும். அதற்கு மேல் நாட்கணக்கில் காத்திருப்பதில் ஆதாயம் இல்லை. முட்டையின் பொரிக்கும் திறன் இட்ட நாளிலிருந்து சுமார் ஒரு வாரம் வரைதான் நன்றாக இருக்கும். பிறகு நாளுக்கு நாள் குறையும். தபாலில் ஏற்கெனவே சில நாட்கள் கழிந்துவிட்டன என்பதையும், அந்தக் கணக்கு நம் கைக்கு வந்த நாளிலிருந்து அன்றி, இட்ட நாளிலிருந்தே தொடங்குகிறது என்பதையும் மறக்கக்கூடாது. முட்டையின்மேல் இட்ட தேதியை எழுதி அனுப்புமாறு கேட்பது தவறே இல்லை. நல்ல வளர்ப்பாளர் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மயிரிழை விரிசல் கண்ட முட்டையை, உட்சவ்வு கிழியாமல் இருந்தால், விரிசலின்மேல் மட்டும் மெல்லிதாக மெழுகு உருக்கிவிட்டு வைத்துப் பார்க்கலாம். கசிவு இருந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

வெப்பமும் ஈரமும்

இன்குபேட்டரை முட்டை வருவதற்கு ஒரு நாள் முன்னதாகவே இயக்கி, அதன் வெப்பம் நிலைப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும். காற்றாடி உள்ள இன்குபேட்டரில் கோழி முட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். காற்றாடி இல்லாதவற்றில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக அடுக்குகள் உண்டாவதால், முட்டையின் மேற்பரப்பு உயரத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைப்பார்கள். கருவியோடு வரும் தெர்மாமீட்டரை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதே என் கருத்து. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்தால் சரியான தெர்மாமீட்டர் பூச்சியம் காட்டவேண்டும். ஒரு டிகிரி பிசகைக்கூட இதில் கண்டுகொள்ளலாம். அந்த ஒரு டிகிரி சிறிது அன்று. வெப்பம் சற்று கூடினால் குஞ்சு முன்கூட்டியே பலவீனமாகப் பொரிக்கும்; சற்று குறைந்தால் தாமதமாகும். கரு குளிர்ச்சியை ஓரளவு தாங்கும், அடைக்கோழி இரை தேட எழுந்து போகும்போதும் முட்டைகள் ஆறத்தானே செய்கின்றன. ஆகவே சிறிது நேரம் மின்சாரம் போனதற்காகப் பதற்றப்படத் தேவையில்லை. சூடு மிகுவதை அது அப்படித் தாங்குவதில்லை.

ஈரப்பதத்தைப் பொறுத்தவரை முதல் 18 நாட்களுக்கு 40 முதல் 50 சதவீதமும், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 சதவீதமும் வழக்கமான அளவுகள். ஆனால் இந்த எண்கள் இலக்கு அல்ல, இலக்கை அடையும் வழி மட்டுமே. உண்மையான இலக்கு, முட்டை 18ஆம் நாளுக்குள் தன் தொடக்க எடையில் ஏறத்தாழ 12 முதல் 13 சதவீதத்தை நீராவியாக இழக்கவேண்டும் என்பதுதான். அந்த இழப்பால்தான் காற்றறை பெரிதாகிறது. 60 கிராம் முட்டையை எடுத்துக்கொண்டால், ஏழாம் நாளில் அது சுமார் 57 கிராமாகவும், 18ஆம் நாளில் 52 அல்லது 53 கிராமாகவும் இருக்கவேண்டும். அதைவிடக் குறைவாக இழந்திருந்தால் ஈரப்பதத்தைக் குறைக்கவேண்டும். அதிகம் இழந்திருந்தால் கூட்டவேண்டும்.

தபாலில் வந்த முட்டைகளுக்கு இந்த எடைக்கணக்கு இரட்டிப்புப் பயன் உடையது. சாதாரண முட்டையில் காற்றறையின் அளவைக் கண்ணால் பார்த்தே இழப்பை மதிப்பிடலாம். சரிந்தும் வளைந்தும் கிடக்கும் காற்றறையில் அந்த மதிப்பீடு தவறும். சிலர் குலைந்த முட்டைகளுக்கு ஈரப்பதத்தை 30, 40 சதவீதத்துக்கே இறக்கிவைப்பதும் உண்டு. அது பொருந்துகிறதா இல்லையா என்பதைத் தராசுதான் சொல்லும். ஒவ்வொன்றாக நிறுக்கக்கூட வேண்டாம், தட்டோடு மொத்தமாக நிறுத்தாலும் சராசரி கிடைத்துவிடும்.

புரட்டுவதா, வேண்டாமா?

தபால் முட்டை விஷயத்தில் கருத்துகள் அதிகம் மோதிக்கொள்ளும் இடம் இது. அடைக்கோழி ஒரு நாளில் பலமுறை முட்டைகளைப் புரட்டுகிறது. புரட்டாவிட்டால், மேலெழும் மஞ்சள் கருவோடு கருவும் ஓட்டுச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவைச் சூழ்ந்து வளரவேண்டிய இரத்தக்குழாய் வலையும் சரியாகப் பரவாது. இந்தப் புரட்டல் மிகவும் தேவைப்படும் காலம் முதல் வாரம். ஆனால் காற்றறை தளர்ந்த முட்டையை முதல் நாளிலிருந்தே பக்கவாட்டில் படுக்கவைத்து உருட்டினால், அப்போதுதான் அடங்கத் தொடங்கிய காற்று மறுபடி அலைந்து, சவ்வை இன்னும் கிழிக்கும். ஒன்றுக்குத் தேவையானது மற்றொன்றுக்குத் தீங்கு.

இதற்கான நடுவழி பலராலும் கையாளப்படுகிறது. முட்டைகளைக் கூரிய முனை கீழாக நிமிர்த்தியே இன்குபேட்டரில் வைத்து, முதல் இரண்டு அல்லது மூன்று நாட்கள் அசைக்காமல் விடுவது. அதன்பின் நிமிர்ந்த நிலையை மாற்றாமலே, முட்டைத் தட்டை ஒருபக்கம் 45 டிகிரி, பிறகு மறுபக்கம் 45 டிகிரி என்று மெதுவாகச் சாய்ப்பது. இப்படிச் சாய்க்கும்போது கரு ஒரே இடத்தில் ஒட்டாது. காற்றும் அகன்ற முனையை விட்டு நீங்காது. சிலர் ஒரு வாரம் முழுவதும் அசைக்காமல் வைக்கிறார்கள். புரட்டலின் தேவை உச்சத்தில் இருக்கும் நாட்களையே அப்படி விட்டுவிடுவது மிகை என்று எனக்குப் படுகிறது. பெட்டியில் வந்த எல்லா முட்டைகளிலும் காற்றறை உறுதியாக இருந்தால் இந்தக் காத்திருப்பே தேவையில்லை. ஓய்வுக்குப்பின் முதல் நாளிலிருந்தே சாய்க்கலாம். கையால் திருப்புபவர்கள் ஒரு நாளில் மூன்று அல்லது ஐந்து முறை என ஒற்றைப்படையில் திருப்பினால், நீண்ட இரவுப்பொழுதில் முட்டை ஒவ்வொரு நாளும் ஒரே பக்கமாகக் கிடப்பதைத் தவிர்க்கலாம்.

ஒளியில் பார்க்கும்போது

ஏழாம் நாளில் பார்த்தால், வளரும் முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளைத்துப் பரவும் செந்நிறக் குழாய்களும் தெரியும். எதுவுமே தெரியாமல் தெளிவாக ஒளிவிடும் முட்டை கருவுறாததாக இருக்கலாம், அல்லது வழியிலேயே கரு இறந்ததாக இருக்கலாம்; வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. குழாய்கள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு சில நாட்கள் வளர்ந்து இறந்துவிட்டது என்று பொருள். இவ்விரண்டு வகையையும் எடுத்துவிடலாம். ஐயமுள்ளவற்றைப் பத்தாம் நாள்வரை விட்டுவைப்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் நாற்றமடிக்கும் முட்டையையும், ஓட்டில் ஈரம் கசிந்த முட்டையையும் ஒரு நாள்கூட வைத்திருக்கக்கூடாது. 14ஆம் நாளில் உள்ளே பெரும்பகுதி இருண்டிருக்கும். 18ஆம் நாளில் காற்றறையைத் தவிர எல்லாம் இருட்டு.

இதுவரை சொன்ன நாட்கள் கோழிக்கு உரியவை. அதற்கு 21 நாட்கள். ஜப்பானியக் காடைக்கு 17 அல்லது 18, பெரும்பாலான வாத்து வகைகளுக்கும் வான்கோழிக்கும் 28, மஸ்கோவி வாத்துக்கு 35. எந்தப் பறவையானாலும் புரட்டலை நிறுத்தும் நாள், பொரிக்கும் நாளுக்கு ஏறத்தாழ மூன்று நாட்கள் முன்பு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கடைசி மூன்று நாட்கள்

18ஆம் நாளில் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை உயர்த்தி, காற்றுத் துளைகளைத் திறந்து விடவேண்டும். இயல்பான காற்றறை உள்ள முட்டைகளைப் பக்கவாட்டில் படுக்கவைப்பது வழக்கம். காற்றறை சரிந்தவற்றை, காற்று புகும்படி அடியில் துளையிட்ட முட்டை அட்டையில் நிமிர்த்தியே வைத்துப் பொரிக்கவிடுவது பாதுகாப்பானது. படுக்கவைத்தால் சரிந்த காற்றறை கீழ்ப்பக்கம் போய்விட, குஞ்சு தன் அலகை நீட்டும் இடத்தில் காற்றுக்குப் பதிலாகத் திரவம் இருக்கும் நிலை நேரலாம்.

முட்டைக்குள் நிகழ்வதை அறிந்தவர்களுக்குப் பொறுமை எளிதாகும். அதுவரை குஞ்சுக்கு ஆக்சிஜன் தந்தது, ஓட்டின் உட்புறம் பரவியுள்ள இரத்தக்குழாய் வலை. வளர்ந்துவிட்ட உடலுக்கு அது போதாமல் போகும்போது, குஞ்சு முதலில் காற்றறையின் சவ்வைக் குத்தி நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும். வெளியே எதுவும் தெரியாது. காதருகே வைத்தால் கீச்சென்ற ஒலி கேட்கலாம். அடுத்து அலகின் நுனியிலுள்ள சிறு கூர்ப்புடைப்பால் ஓட்டில் ஒரு துளை விழும். அதற்குப்பின் பல மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள்கூட, எந்த அசைவும் இல்லாததுபோல் தோன்றும். அந்நேரத்தில்தான் வலையில் ஓடிய இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. குஞ்சு சிக்கிக்கொண்டது என்று நினைத்து ஓட்டைப் பிரித்தால் இரத்தம் பெருகும், வயிறு மூடாத குஞ்சு வெளியே வரும். இன்குபேட்டரைத் திறப்பதும் கேடுதான். ஈரக்காற்று வெளியேறி, துளைவிழுந்த முட்டையின் சவ்வு உலர்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும்.

தபால் முட்டைகளில் குஞ்சு தலைகீழாக, கூரிய முனையில் துளையிடும் நிகழ்வு கூடுதலாகவே காணப்படுகிறது. அங்கே காற்றறை இல்லையென்றாலும், வெளிக்காற்று துளை வழியே கிடைப்பதால் சில குஞ்சுகள் தாமாகவே வந்துவிடும். துளைவிழுந்து 24 மணி நேரத்துக்கும் மேலாகி, சவ்வு மஞ்சளித்துத் தோல்போல் காய்ந்திருந்தால் மட்டும், துளையின் ஓரத்து ஓட்டைச் சிறிது சிறிதாக எடுத்து, சவ்வை வெதுவெதுப்பான நீரால் நனைத்துவிடலாம். ஒரு துளி இரத்தம் தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

பொரித்த குஞ்சுகள் இறகு உலர்ந்து பஞ்சுபோலாகும்வரை உள்ளேயே இருக்கலாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாக இருப்பதால் தீனிக்கு அவசரமில்லை. பின்னர் சுமார் 35 டிகிரி வெப்பமுள்ள, காற்று வீசாத கூண்டுக்கு மாற்றி, வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி வீதம் குறைத்துவரலாம். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குத் தொற்றக்கூடிய நோய்கள் சில உண்டு. புல்லோரம் அவற்றில் ஒன்று. ஆகவே வெளியிலிருந்து வந்த முட்டையில் பொரித்தவற்றைச் சில வாரங்கள் பழைய கோழிகளோடு சேர்க்காமல் தனியே வளர்ப்பது நல்லது. பரிசோதிக்கப்பட்ட மந்தையிலிருந்து முட்டை வாங்குவது அதைவிட நல்லது.

பொரிக்காத முட்டைகளைக் குப்பையில் போடுமுன், வெளியே திறந்த இடத்தில் வைத்து உடைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். மணம் இனிமையாக இராது. முதல் வாரத்தில் இறந்த கருக்கள் மிகுதியென்றால் பயணக் குலுக்கலையோ வெப்பத்தையோ முட்டையின் வயதையோ ஐயுறலாம். முழுதும் வளர்ந்து, ஓட்டைத் தொடாமலே இறந்த குஞ்சுகள் மிகுதியென்றால் ஈரப்பதமும் காற்றோட்டமும் நம் பக்கத்துப் பிழை என்றே பெரும்பாலும் கொள்ளவேண்டும். பெரும்பாலானவை எந்த வளர்ச்சியும் காட்டாத கூமுட்டைகளாக இருந்தால், அனுப்பியவரிடம் அவருடைய சொந்த இன்குபேட்டரில் அதே மந்தையின் முட்டைகள் எத்தனை பொரிக்கின்றன என்று கேட்கலாம். அங்கே நன்றாகப் பொரிக்கின்றன என்றால் குறை பொதியிலும் பயணத்திலும் இருக்கிறது; அடுத்த முறை ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியே குமிழித் தாளில் சுற்றி, அகன்ற முனை மேலாக நிறுத்தி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து அனுப்பச் சொல்லலாம்.